மவுஸைத் தொடாமல் ஒரு யூசர் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எப்படி?

வீட்டில் மூன்று பேருக்கு ஒரே கணினி, ஆளுக்கொரு கணக்கு; கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு மாறவும் விண்டோக்களுக்கு இடையே போய்வரவும் என்ன ஷார்ட்கட் என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நான் தினமும் அழுத்துகிறவற்றைச் சொல்கிறேன்.

முதலில் விண்டோஸ் + எல். இது திரையைப் பூட்ட மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு மாறவும் இதுவே போதும். பூட்டிய திரையில் ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். அங்கே டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால், இடது பக்கம் கீழே இருக்கும் பெயர்ப் பட்டியலுக்குப் போய்ச் சேரலாம். அம்புக்குறியால் பெயரைத் தேர்ந்து எண்டர், அவ்வளவுதான். உங்கள் கணக்கில் திறந்து வைத்தவை எல்லாம் மூடப்படாமல் பின்னால் அப்படியே இருக்கும்.

அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பாதி எழுதிய கட்டுரையைச் சேமிக்காமல் லாக் செய்துவிட்டு எழுந்து போனேன். தம்பி தன் கணக்கில் நுழைந்து, வேலை முடிந்ததும் ஷட் டவுன் கொடுத்துவிட்டான். இன்னொருவர் உள்ளே இருக்கிறார், இப்போது நிறுத்தினால் சேமிக்காதது போய்விடலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கத்தான் செய்யும். அவன் படிக்கவில்லை. நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன். இப்போதெல்லாம் கண்ட்ரோல் + எஸ் அழுத்தாமல் என் கை விண்டோஸ் + எல் பக்கம் போவதே இல்லை.

வேலை முடிந்துவிட்டதா? லாக் வேண்டாம், சைன் அவுட் செய்துவிடுங்கள். விண்டோஸ் + எக்ஸ் அழுத்திக் கையை எடுத்து, யூ, அப்புறம் ஐ (விண்டோஸ் ஆங்கிலத்தில் இருந்தால்). விண்டோஸ் + டி (D) கொடுத்து டெஸ்க்டாப்புக்கு வந்து ஆல்ட் + எஃப்4 அழுத்தினாலும் ஒரு சிறு பெட்டி வரும். பெரும்பாலும் அதில் ஷட் டவுன்தான் முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். அவசரப்பட்டு எண்டர் தட்டாதீர்கள்.

எதற்கும் அசையாமல் திரை உறைந்து நின்றால் கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட். 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்காக அந்த நிறுவனத்தின் பொறியாளர் டேவிட் பிராட்லி உருவாக்கியது. அப்போது அது கணினியை ரீஸ்டார்ட் செய்யும் விசை. இன்றைய விண்டோஸில் சாதாரண மென்பொருள் எதுவும் இதை இடைமறிக்க முடியாது. லாக், கணக்கு மாற்றம், சைன் அவுட், டாஸ்க் மேனேஜர் எல்லாம் அந்த ஒரே திரையில் இருக்கும்.

விண்டோக்களுக்கு இடையே தாவ ஆல்ட் + டேப் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதோடு கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்: கையை எடுத்தாலும் பட்டியல் மறையாது, நிதானமாக அம்புக்குறியில் தேடலாம். டாஸ்க்பாரில் மூன்றாவதாக இருப்பதைத் திறக்க விண்டோஸ் + 3.

ஃபோல்டர்களுக்கு விண்டோஸ் + ஈ. உள்ளே போனபின் ஆல்ட் + மேல் அம்பு ஒரு படி மேலே கொண்டுபோகும், ஆல்ட் + இடது அம்பு வந்த வழியே திரும்பும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மேலே போக பேக்ஸ்பேஸ் தட்டிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது: அது இப்போது வந்த வழியே திரும்பத்தான் உதவும். எனக்கு இன்றுவரை குழம்பும்.