கணிதம் இயற்கையில் கண்டுபிடித்ததா, மனிதன் உருவாக்கிய மொழியா?

எண்ணை எழுதும் முறையும் அளக்கும் அலகும் நாம் வைத்துக்கொண்டவை. அவற்றுக்குள் இருக்கும் உறவு நாம் வைத்ததல்ல. இந்தக் கேள்வியைக் கேட்டவர் கல்லூரி மாணவராக இருக்க வேண்டும். 'கணிதம் வெறும் மொழிதான்' என்று யாரோ சொல்லிக் குழப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா பாலக்கோடு பக்கம் மேஸ்திரி. கடக்கால் தோண்டுவதற்கு முன் முளையடித்து நூல் கட்டி, மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைமட்டம் பார்ப்பார். ஒரு நூலில் 3 அடியில் ஒரு குறி, அடுத்த நூலில் 4 அடியில் ஒரு குறி. குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 5 அடி வரவேண்டும். வராவிட்டால் முளையைப் பிடுங்கி ஒரு விரற்கடை தள்ளி அடிப்பார். டேப் கைவசம் இல்லாதபோது ஒரு குச்சியை ஒடித்து அதையே அளவாக வைத்தும் செய்திருக்கிறார். அப்போதும் 3, 4, 5 மாறவில்லை.

பாபிலோனியர்களின் 'பிளிம்டன் 322' களிமண் பலகைக்கு ஏறக்குறைய 3,800 வயது. 60-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் இதே வகைச் செங்கோண முக்கோண எண்கள் அதில் இருக்கின்றன. இங்கே போதாயனரின் சுல்ப சூத்திரம் என்ற பழைய வடமொழி நூலில், வேள்வி மேடை அளக்கும் கயிற்றுக் கணக்கிலும் செங்கோணத்தின் இரு பக்கங்கள் 3-4, 5-12, 8-15 என்று வருகின்றன. எழுத்து வேறு, எண்முறை வேறு, தேவையும் வேறு. வெறும் மொழி என்றால் இது எப்படி ஒத்துப்போகும்?

'பழைய கிரேக்கர் யூக்ளிட் எழுதிய சமதளக் கணக்கு மட்டும்தான் வடிவியலா?' என்று சிலர் வருவார்கள். இல்லைதான். வட துருவத்திலிருந்து 90 பாகை இடைவெளியில் இரண்டு கோடுகளை நிலநடுக்கோடு வரை இழுத்தால் வரும் முக்கோணத்தில் மூன்று மூலையும் செங்கோணம். அப்பாவின் கணக்கு அங்கே செல்லாது. ஜெர்மன் கணித மேதை ரீமான் 1854-ல் முன்வைத்த வளைந்த வெளியின் வடிவியலைத்தான் 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பை விளக்க எடுத்துக்கொண்டார். எந்த விதியில் தொடங்குவது என்பது நம் விருப்பம், ஒப்புக்கொள்கிறேன். தொடங்கிய பிறகு என்ன வரும் என்பது எந்த மேதையின் கையிலும் இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், பெங்களூரில் சதுர அடிக் கூலிக்குப் பூச்சுவேலை செய்தபோது ஒரு கான்ட்ராக்டர் ஜன்னல் திறப்பையெல்லாம் கழித்துவிட்டு, அதன் பக்கவாட்டில் பூசியதைச் சேர்க்கவே இல்லை. அப்பா சுவரிலேயே பென்சிலால் பெருக்கிக் காட்டினார். 'படிக்காத ஆளுக்கு என்னய்யா கணக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. நானே போட்டுப் பார்த்தேன். பணம்தான் கடைசிவரை வரவில்லை.