கல் பொறுக்கும் மகன்

கேள்வி: தரம் 4 படிக்கும் என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் காற்சட்டைப் பை நிறையக் கல்லோடுதான் வருகிறான். கட்டிலுக்குக் கீழேயும் கல். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. எல்லாவற்றையும் எறிந்துவிடட்டுமா?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: எறியாதீர்கள் அம்மா. நீங்கள் தேடும் படிப்பு அந்தக் கற்களிலேயே பாதி கிடக்கிறது.

வெள்ளையாய்ப் பளபளக்கும் படிகக்கல் ஒன்று கட்டாயம் இருக்கும், அதால் ஒரு பழைய போத்தலைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், கோடு விழும். கடினத்தன்மை அளவில் படிகக்கல் 7, கண்ணாடி 5.5 அளவில், இலக்கம் கூடியது குறைந்ததைக் கீறும். யாழ்ப்பாணம் போனால் ஒரு சுண்ணாம்புக்கல் கொண்டு வாருங்கள். தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும். அந்தக் கல் கடலடியில் படிந்து ஒன்றிரண்டு கோடி ஆண்டுதான், வன்னியின் அடிப்பாறையோ ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுப் பழசு. எத்தனை சைபர் என்று எழுதிப் பார்க்கட்டும், அதுவே நல்ல கணக்கு. கல்லைத் தராசில் நிறுத்து, அளவுச் சாடியில் போட்டுத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, கிராம் நிறையை அந்த ஏறிய மில்லிலீற்றரால் வகுத்தால் (வகுத்தலுக்கு நீங்கள் கைகொடுங்கள்) படிகக்கல்லுக்கு 2.65 அளவில் வரவேண்டும். வராவிட்டால் எங்கே பிழைத்தது என்று தேடுவதிலேயே பின்னேரம் போய்விடும்.

சரித்திரமா? பக்கத்து இரணைமடுவின் பெயரிலேயே புவிச்சரிதவியலாளர்கள் ஒரு படிவை அழைக்கிறார்கள். அந்தச் சரளை, சிவப்பு மண் படிவுகளில் கற்கால மனிதர் கல்லில் கொத்திச் செய்த கருவிகள் கிடைத்திருக்கின்றன.

முட்டை மட்டையில் கல்லை அடுக்கி, இலக்கம் போட்டு, எடுத்த இடத்தையும் திகதியையும் இரண்டு வசனத்தில் கொப்பியில் எழுதினால் தமிழும் வந்துவிடும். ஆனால் இதையும் ரியூஷன் ஆக்கிவிடாதீர்கள், பிறகு பெடியன் கல்லையே வெறுத்துவிடுவான்.

கண்டிப்பு வேண்டியது எங்கே பொறுக்குகிறான் என்பதில்தான். முற்றம், ஆட்கள் தினமும் நடக்கும் ஒழுங்கை, கேட்டுவிட்டு வீடு கட்டும் இடத்துக் கல்லுக்குவியல், இவை போதும். பற்றைக்காடு, கைவிட்ட வளவு, மண்டையோட்டுப் பலகை நட்ட இடம் பக்கமே போகக்கூடாது. எங்கள் மண்ணில் மிதிவெடி இன்னும் முழுதாய் எடுபடவில்லை. துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், காலால் தட்டாமல், வந்த வழியே திரும்பி வந்து உங்களிடம் சொல்லட்டும். நீங்களும் கிட்டப் போய்ப் பார்க்காமல் உடனே பொலிசுக்கு அறிவியுங்கள்.