கணைய ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 176. கசிவு வரப்போகிறது என்று அர்த்தமா?

கேள்வி: அப்பச்சிக்கு மதுரையில் விப்பிள் ஆபரேஷன் நடந்து இன்று மூன்றாம் நாள். சி.ஆர்.பி. 176, வெள்ளை அணுக்கள் 14,000. கசிவு வரும் என்பதை ரத்தப் பரிசோதனையிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை சொல்கிறார். நிஜமா? நாங்கள் பயப்பட வேண்டுமா?

பதில்:

நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் லேப் நடத்துகிறேன். அதற்கு முன்னால் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் வேலை பார்த்தேன். தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து போய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வீட்டார் இப்போதும் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பி, "தம்பி, இது நல்ல நம்பரா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

மாப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. ஆனால் மூன்றாம் நாள் வந்த ஒரு 176ஐ மட்டும் வைத்துக்கொண்டு கசிவு, அதாவது தைத்த இடத்தில் கணையச் சாறு ஒழுகுவது, என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு அது 120க்கு இறங்குகிறதா, 230க்கு ஏறுகிறதா என்பதுதான் சேதி.

விப்பிளில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். இவ்வளவு பெரிய வெட்டு விழுந்தால் கசிவே இல்லாதவருக்கும் சி.ஆர்.பி. நூறைத் தாண்டும். உடம்பில் அழற்சி என்றதும் கல்லீரல் உற்பத்தி செய்கிற புரதம் அது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். தூண்டுதல் நின்றால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் எல்லாம் ஒழுங்காக இருந்தால் நான்காம், ஐந்தாம் நாள் இறக்கம் தெரிந்தாக வேண்டும். இறங்காமல் நின்றாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ உள்ளே ஏதோ நடக்கிறது. அது கணையக் கசிவாக இருக்கலாம், நெஞ்சுச் சளியாக இருக்கலாம், காயத்தில் சீழாகவும் இருக்கலாம். எங்கே என்று சி.ஆர்.பி. சொல்லாது. எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து என்று ஆய்வுக்கு ஆய்வு வேறு வேறு கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தேடி இரவெல்லாம் கூகுளில் உட்கார்ந்திருப்பது வீண். என் அனுபவத்தில் இந்தப் பரிசோதனை பயமுறுத்துவதைவிட ஆறுதல் சொல்வதில்தான் கெட்டி. நாளுக்கு நாள் நன்றாக இறங்கி, ஆளும் தெம்பாக இருந்தால், பெரிய சிக்கல் இல்லை என்று டாக்டர்கள் ஓரளவு நம்பிப் போகலாம்.

வெள்ளை அணு 14,000 என்பது ஆபரேஷன் ஆன வாரத்தில் சாதாரணமாகப் பார்ப்பதுதான். புரோகால்சிடோனின் என்று ஒன்று எழுதிக் கொடுத்தால், அது பாக்டீரியா தொற்றா என்று பிரித்துப் பார்க்க. விலை கொஞ்சம் கூடுதல். தினமும் எடுக்கவில்லையே என்று சண்டை போட வேண்டாம்.

இன்னொன்று, அலகு. சில லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போடும், சில டெசிலிட்டருக்கு என்று போடும். 176ம் 17.6ம் ஒன்றே. மதுரை ரிப்போர்ட்டில் 176, ஊருக்கு வந்து எடுத்ததில் 9.2 என்று பார்த்து, "குன்றக்குடி முருகன் காப்பாத்திட்டான்" என்று ஒரு ஆச்சி கற்கண்டோடு லேபுக்கு வந்துவிட்டார். அது 92. இறங்கித்தான் இருந்தது, ஆனால் அவர் நினைத்த அளவுக்கு இல்லை. (கற்கண்டை வாங்கிக்கொண்டேன்.)

கணையக் கசிவைப் பொறுத்தவரை ரத்தத்தைவிட நேரடியாகப் பேசுவது வயிற்றுப் பக்கவாட்டில் வைத்திருக்கும் டியூபில் வடியும் தண்ணீர். அதில் அமிலேஸ் பார்க்கிறார்கள். அமிலேஸ் கணையச் சாற்றில் இருக்கிற என்சைம். தையல் வழியாகச் சாறு ஒழுகினால் டியூபில் வந்துவிடும். ரத்தத்தில் அமிலேஸின் மேல் எல்லை பெரும்பாலான கிட்டில் 100 யூனிட் பக்கம். கசிவு இருந்தால் டியூப் தண்ணீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கலாம். மெஷினில் வைத்தவுடன் எண் வராது, வரம்பைத் தாண்டிவிட்டது என்று கொடி காட்டும். சலைன் விட்டுப் பத்து மடங்கு நீர்க்க வைத்து ஓட்டுவோம், அதற்கும் அடங்காவிட்டால் நூறு மடங்கு. கடைசியில் பெருக்கித்தான் ரிப்போர்ட்டில் எழுதுவது. காபிப் பொடி நிறத்தில், கலங்கலாக, சாம்பலாக வரும் தண்ணீரைப் பார்த்தாலே பழகிய டெக்னீஷியன் முதலிலேயே நீர்க்க வைத்துவிடுவார்.

2016இல் கணைய அறுவை சிகிச்சைக்கான சர்வதேசக் குழு திருத்திய வரையறைப்படி, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டியூப் தண்ணீரின் அமிலேஸ் ரத்த அமிலேஸின் மேல் எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் எண் மட்டும் கூடி, ஆளுக்கு ஒன்றுமில்லை, சிகிச்சையிலும் மாற்றம் தேவைப்படவில்லை என்றால் அதை இப்போது ஃபிஸ்டுலா (சிக்கலான கணையக் கசிவு) என்று கணக்கில் சேர்ப்பதில்லை. வெறும் உயிர்வேதியியல் கசிவுதான். முதல் நாள் அமிலேஸ் 5,000க்குக் கீழே இருந்தால் கசிவு வரும் வாய்ப்பு குறைவு என்று பார்த்து, டியூபைச் சீக்கிரம் எடுத்துவிடும் டாக்டர்களும் உண்டு. அதனால் வார்டில் "சி.ஆர்.பி. எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "டியூப் தண்ணில அமிலேஸ் பார்த்தாச்சா சார்?" என்றும் கேளுங்கள்.

உண்மையில் கசிவு வருமா என்பதற்கான பாதி விடை ஆபரேஷன் மேஜையிலேயே தெரிந்துவிடுகிறது. கணையம் மென்மையாக இருந்து, அதன் நடுவே ஓடும் குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஆபத்து கூடுதல். ஆறாத கும்மாயத்தில் (எங்கள் பக்கத்துக் குழைவான இனிப்பு) ஊசி நூல் ஓட்டினால் எப்படி நிற்கும், அந்தக் கதைதான். நாள்பட்ட அழற்சியில் இறுகிப்போன கணையம் தையலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சர்ஜனிடம் இதைக் கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார். 176 என்ற எண்ணுக்கு இறுகிய கணையத்தில் ஒரு பொருள், மென்மையான கணையத்தில் வேறு பொருள்.

முன்கூட்டிக் கண்டுபிடிப்பதால் பலன் உண்டா என்றால், உண்டு. நெதர்லாந்தில் 17 மருத்துவமனைகளில் 1,748 நோயாளிகளை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தினமும் ஆளின் நிலை, ரத்தப் பரிசோதனை, டியூப் அமிலேஸ் எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் பார்த்து, எப்போது சி.டி. ஸ்கேன், எப்போது ஆன்டிபயாடிக், எப்போது டியூபை எடுப்பது என்று முன்பே வகுத்த முறைப்படி நடந்தார்கள். பெரிய ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, 90 நாளுக்குள் மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் வழக்கமான முறையில் 14 சதவீதம், இந்த முறையில் 8 சதவீதம். எந்த ஒற்றைப் பரிசோதனையும் இதைச் செய்யவில்லை, பார்த்தவுடன் செயலில் இறங்கியதுதான் செய்தது.

ரத்தப்போக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சில நாள் கழித்து டியூபில் திடீரென்று சிவப்பாகக் கொஞ்சம் வந்து நின்றுபோகலாம். நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். கசிந்த சாறு பக்கத்து ரத்தக்குழாயை அரித்திருந்தால் பெரிய போக்குக்கு முன் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். அந்த நேரத்தில் ஹீமோகுளோபின் மாறாமலே காட்டலாம், அது இறங்க நேரம் பிடிக்கும். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். வாந்தியில் ரத்தம், கறுத்த மலம் என்றாலும் அப்படியே.

அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவு என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் நம் ஊரில் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். முதல் வாரத்து அல்புமின் குறைவு சாப்பாட்டுக் குறைவால் வந்ததல்ல. அழற்சியில் அது ரத்தக்குழாயை விட்டுத் திசுவுக்குள் போகிறது, கல்லீரலும் அந்த நேரத்தில் அதைக் குறைவாகத்தான் செய்கிறது. கொழுப்பு மிதக்கும் சூப் அப்பச்சிக்கு இப்போது வேண்டாம். டயட்டீஷியன் சொன்னது மட்டும்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம், பலரை அப்படி அனுப்புகிறார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், வயிற்றுவலி கூடுவது, டியூப் தண்ணீரின் நிறம் மாறுவது, இதில் எது வந்தாலும் முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை மனதில் வைத்து வண்டிக்கும் சொல்லி வையுங்கள். ஊரில் அமிலேஸ் பார்க்கச் சொன்னால், பையில் நாள் முழுக்கத் தேங்கியதைக் கொண்டுவராமல் நர்ஸை வைத்துப் புதிதாக வடிந்ததை எடுக்கச் சொல்லுங்கள். டப்பாவின் மேல் "டியூப் தண்ணீர், அமிலேஸ்" என்று பெரிதாக எழுதுங்கள். எழுதாமல் வந்தால் அது சிறுநீர் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.