முன் அறைச் சாவியை யாரிடம் கொடுக்கலாம்?

எங்கள் கலைக்கூடம் என்பது யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றுக்குள் நிற்கும் பழைய வீட்டின் விறாந்தையும் முன் அறையும்தான். வருடத்தில் ஆறு கிழமை வெளியாள் ஒருவரைக் கியூரேற்றராக, அதாவது எந்தப் படத்தை எங்கே எப்படி வைப்பதென்று தீர்மானிப்பவராக, அழைத்துச் சாவியைக் கொடுத்து, "உங்கள் விருப்பப்படி கண்காட்சி வையுங்கள்" என்று விலகி நிற்போம். அதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். பதில்கள் இதோ.

கேள்வி (நுண்கலை மாணவி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி): படம் கீறியவரே கொழுவினால் என்ன? கியூரேற்றர் எதற்கு?

தாராளமாகக் கொழுவலாம் தங்கச்சி. ஆனால் கீறியவருக்கு எல்லாப் படமும் பிள்ளைகள்; ஒன்றையும் வீட்டில் விட்டுவர மனம் வராது. எங்களுக்கோ ஒரே சுவரைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டது. அதனால்தான் வெளியாள்.

கேள்வி (சுன்னாகம்): அண்ணா, என்னிடம் இருப்பது பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை. அதற்குள் என்ன பரிசோதனை?

1991இல், பின்னாளில் பெயர்பெற்ற கியூரேற்றரான ஹான்ஸ் உல்ரிச் ஓப்ரிஸ்ட், சுவிற்சர்லாந்தின் சென் காலனில், தன் சமையலறையிலேயே கண்காட்சி வைத்தார். சிங்குக்குக் கீழே கலைஞர் கிறிஸ்டியன் போல்தான்ஸ்கி ஒளியால் விழுத்திய மெழுகுவர்த்திப் படம். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஹான்ஸ் பீற்றர் பெல்ட்மனின் படைப்பு. மூன்று மாதத்தில் வந்தது சுமார் 30 பேர். இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். சின்ன இடத்தில் பிழை விட்டால் ஒரு வாளி பெயின்றோடு போய்விடும்.

கேள்வி (மானிப்பாய்): முழுச் சுதந்திரம் கொடுத்து மாட்டுப்பட்டதுண்டா?

உண்டு. போனமுறை அழைத்தது ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரை. ஓவியத்துக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஊர் வீடுகளில் இருந்த 19 பழைய படங்களை இரவல் வாங்கி வந்து, அத்தனையையும் முகம் சுவருக்கும் முதுகு எங்களுக்குமாகக் கொழுவிவிட்டார்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் சட்டம் போட்ட கடையின் பாதி கிழிந்த லேபல். இன்னொன்றில் கறையான் ஓடிய தடம். மூன்றாவதில் நீலப் பென்சிலால் ஒரு பெயர், அதற்குக் கீழே "கொடிகாமம்". 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன படமாம். வழியில் தவறினால் யாராவது கொண்டுவந்து தரட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் இருப்பது ஒரு சாதாரணத் தாமரைக் குளம். படத்துக்குரிய அம்மா வந்து, அந்தப் பென்சில் எழுத்தைத்தான் தடவிக்கொண்டு நின்றார்.

மாட்டுப்பட்டது திறப்பு விழாவில். ஓவியர் ஒருவர், தன் படம் சுவரைப் பார்க்கிறதென்று சத்தம் போட்டார். நியாயம் அவர் பக்கம்தான். "கண்காட்சிக்கு" என்று கேட்டோமே தவிர, எப்படி வைப்போம் என்று சொல்லவில்லை. படத்தை அங்கேயே கழற்றிக் கொடுத்தோம். ஆறு கிழமையும் அந்த இடத்தில் வெறும் கம்பி தொங்கியது. இப்போது இரவல் கடிதத்தில் கொழுவும் விதத்தையும் எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

1969இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில், அங்குள்ள கலை மண்டபத்தின் இயக்குநர் ஹரால்ட் ஸேமான் வைத்த கண்காட்சிக்காக, கலைஞர் மைக்கல் ஹைசர் மண்டபத்துக்கு முன்னால் இருந்த நடைபாதையையே இரும்புக் குண்டால் உடைத்தார். எழுந்த எதிர்ப்பில் ஸேமான் அந்த வருடமே பதவியை விட்டு, தனியாளாகக் கியூரேற்றர் வேலை செய்யப் போனார். எங்களுடையது சின்னச் சத்தம்.

கேள்வி: காசு கொடுக்க வேண்டுமா?

வேண்டும். சின்னத் தொகையானாலும் அவர் உழைப்புக்கு என்று தனியாக வையுங்கள்; படத்துக்குச் சட்டம் போடும் செலவையும் ஓட்டோக் காசையும் அதற்குள் கலக்க வேண்டாம். "உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்குமே" என்று சொல்லுபவர்களை எனக்குப் பிடிக்காது.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

ஆடி, ஆவணியில் வரும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுச் சனம் ஊரில் நிற்கும். பின்னேரம் எல்லாரும் கோயிலடியில், அதனால் காலையில் திறவுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கடதாசியில் கீறியவற்றை வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: வந்தவர் சுவரில் ஆணி அடிக்கக் கேட்டால்?

பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரென்றால் விடாதீர்கள். ஓர் ஆணிக்கு உள்ளங்கையளவு பெயர்ந்து விழும். மேலே மரச்சட்டம் பொருத்திக் கம்பியில் தொங்கவிடுங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து 150 சென்ரிமீற்றர் அளவில் வருவது வழக்கம். நில அளவையாளர் மட்டும் 140இல் வைத்தார், ஒழுங்கையிலுள்ள ஆச்சிமாரை ஒவ்வொருவராக நிற்கவைத்து நாடாப் பிடித்து அளந்த பிறகு.