எம்.ஆர்.ஐ. கேள்வி-பதில்: உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் முதலில் சொல்லுங்கள்

எம்.ஆர்.ஐ. எடுத்தால் உடம்பில் கதிர்வீச்சு ஏறுமா? (மாங்குளம்)

ஏறாது. அது எக்ஸ்ரேக்கும் சி.ரி.க்கும் உரிய கவலை. இங்கே காந்தமும் ரேடியோ அலையும்தான். உடலிலுள்ள நீர், கொழுப்பு ஆகியவற்றின் ஐதரசன் கருக்களை அலை சாய்க்கிறது. அவை மீளும்போது எழும் சமிக்ஞை படமாகிறது. நோயுற்ற இழையத்தில் நீரளவும் மீளும் நேரமும் மாறுவதால் கட்டியும் வீக்கமும் பிரிந்து தெரிகின்றன.

மூன்று வாரமாக நாரி நோ. நேரே எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (மல்லாவி)

வயது எழுதவில்லை. கால் பலவீனம், காய்ச்சல், சிறுநீர் அடக்க முடியாமை உண்டா என்றும் எழுதவில்லை. இவை இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். நாற்பது தாண்டினால் நோவே இல்லாத பலரின் முள்ளந்தண்டிலும் எலும்பிடைத் தட்டுத் தேய்வு தெரியும்.

2009 இல் பட்ட செல் (எறிகணை) துண்டு தோளில் இருக்கிறது. தொந்தரவில்லை. படிவத்தில் எழுதத்தான் வேண்டுமா? (புதுக்குடியிருப்பு)

எழுதத்தான் வேண்டும்! வன்னியில் இதை எத்தனை தரம் சொல்வது? 1.5 டெஸ்லா (காந்த வலுவின் அலகு) காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். படம் எடுக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. தசையில் தழும்பு மூடிய பழைய துண்டு பெரும்பாலும் அசையாது. கண்ணுக்குள், முண்ணாணுக்கு அருகில், பெரிய இரத்தக் குழாயோரம் இருப்பது அசைந்தால் பார்வையோ காலோ உயிரோ போகலாம். சன்னம் ஈயம்தானே, காந்தம் இழுக்காதே என்று வாதாட வேண்டாம். உருக்குச் சேர்ந்ததும் உண்டு. முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்ப்போம். பலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், சிலருக்கு சி.ரி. போதும். திருப்பி அனுப்பிவிடுவார்கள், பழைய கதையைக் கிளறுவார்கள் என்று பயந்தே பலர் மறைக்கிறார்கள். யாரால், எப்படிக் காயப்பட்டீர்கள் என்பது எங்களுக்கு வேண்டாத கதை. துண்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் வேண்டும். துணைக்கு அந்த அறைக்குள் வருபவருக்கும் இதே கேள்விதான்.

அப்பாவுக்குச் சிறுநீரக நோய். மருந்து ஏற்றி எடுக்கலாமா? (வவுனியா)

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு போங்கள். படம் தெளிவாகத் தெரிய ஏற்றும், கடோலினியம் என்ற உலோகம் கலந்த பழைய மருந்துகள் நோய் முற்றியவர்களில் சிலருக்குத் தோலை இறுகச் செய்தன. புதியவற்றில் அந்த ஆபத்து மிகக் குறைவு. மருந்தே தேவைப்படாத படங்களும் நிறைய. அப்பாவின் உடம்பில் துண்டு ஏதும் உண்டா? அதையும் எழுதவில்லை.

தாலிக்கொடி தங்கம்தானே, கழற்ற வேண்டுமா? (ஒட்டுசுட்டான்)

கழற்றுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் ரேடியோ அலையில் சூடேறலாம், பக்கத்துப் படமும் கெடும். தாயத்தும் சட்டையில் குத்திய ஊசியும் கூடவே வெளியில்.