மோட்டாரும் போர்வெல்லும் வராத காலத்தில் விவசாயி நிம்மதியாக இருந்தாரா?

கேள்வி கேட்டவர் நகரத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். "பாமர விவசாயி இயற்கையோடு நிம்மதியாக வாழ்ந்தார், அறிவியல் வந்துதான் கெடுத்தது, சரிதானே?" என்கிறீர்கள். முதலில் அந்தப் 'பாமர'வை எடுத்துவிடுங்கள், பிறகு பேசலாம்.

எனக்கு 61 வயது, திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கள் கிணறு எழுபது அடி. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. ஒன்றுவிட்டு ஒரு நாள் முறை. கவலை பூட்டி, அதாவது மாடுகளைக் கட்டிக் கயிற்றை இழுக்கவைத்து, இறைத்தார்கள். தெற்கே இதைக் கமலை என்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது அப்பா வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் என்கிற பெரிய வாளி மேலே வந்து தண்ணீர் கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதேதான். மாட்டின் கழுத்துப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவது என் வேலை. அப்பாவின் தொடையில் கயிறு அறுத்த தழும்புக்கு யாரும் எதுவும் தடவவில்லை. அது அவரோடுதான் போனது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது மோட்டார் வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மறுநாள்தான், விடிந்த பிறகும் அப்பா தூங்குவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். இந்த மின்சாரத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுத்துவிடவில்லை. 1970இல் பெருமாநல்லூரில், கட்டண உயர்வை எதிர்த்த மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்கிறார்கள். எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று ஆனது 1990இல்தான். "ஓசி மின்சாரம் வாங்கித் தண்ணீரை உறிஞ்சித் தீர்த்தவர்கள்தானே" என்று ஒருவர் கீழே எழுதுவார். எழுதட்டும். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன்.

2003 வறட்சியில் கிணறு தரை தட்டியது. அதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் போய்விட்டார்கள். நிலத்தைப் பங்கு பிரித்திருந்தோம். போர் போடுவதற்கு எங்கள் ஊரில் ஆள் தேட வேண்டியதில்லை. போர்வெல் துளை போட நாடு முழுக்க ஓடும் ரிக் வண்டிகளில் பெரும்பாலானவை எங்கள் பக்கத்தவை. 640 அடியில் எனக்குத் தண்ணீர் கிடைத்தது. கிணற்றில் கொஞ்சநஞ்சம் ஊறிக்கொண்டிருந்ததும் அந்த மாதமே நின்றது. அதை நம்பி வெங்காயம் போட்டிருந்த பெரியப்பா மகன், என் அண்ணன், ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் ரிக் வண்டியை அழைத்து வந்தார்.

இரவு இரண்டு மணி. எண்ணூறு அடி தாண்டியும் புகைதான். வெள்ளைப் பாறைத்தூள் பறந்து வாழை இலையெல்லாம் மாவு தூவியதுபோல ஆகிவிட்டது. அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, குழிக்கருகே குவிந்த தூளை ஒவ்வொரு பைப் இறங்கும்போதும் ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார், ஈரம் இருக்கிறதா என்று. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1,050 அடியில் நிறுத்தினார்கள். தண்ணீர் இல்லை. அடுத்த ஆண்டு வேறு இடத்தில் போட்டு ஓரளவு கிடைத்தது. உடனே என்னுடையதில் மட்டம் இறங்கியது.

இரண்டு பேருமே போருக்காக நகையை அடகு வைத்தோம். அந்த வங்கி ஏல நோட்டீசை ஆங்கிலத்தில் அனுப்பியது! அண்ணன் அதை மளிகைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் தமிழனுக்குக் கடன் கொடுக்கும்போது மட்டும் வாய் நிறையத் தமிழ் பேசத் தெரிகிறது. கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் ஆறவில்லை.

இதில் அறிவியலின் குற்றம் எது என்று நீங்களே சொல்லுங்கள். கிணறு பொதுவாக இருந்தபோது முறை இருந்தது. ஆயிரம் அடிக்குக் கீழே யாருக்கு எந்த நாள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம் என்று 1882இல் வெள்ளைக்காரன் போட்ட வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. பாறை இடுக்கில் ஓடும் தண்ணீருக்கு என் வேலி தெரியுமா? 2003இல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் அதை நீக்கிவிட்டார்கள். அது வந்திருந்தால் முதலில் கத்தியிருப்பவர்களில் நானும் ஒருவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கவலைக்கே திரும்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் இப்போது ஒரு ஜோடி உழவு மாடுகூடக் கிடையாது. எழுபது அடியில் தண்ணீரும் இல்லை.

போன சித்திரையில் அண்ணன் மோட்டார் போருக்குள் சிக்கிக்கொண்டது. இருபது வருடத்துக்குப் பிறகு என் வாசலுக்கு வந்தார். என் போரிலிருந்து குழாய் போட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் மும்முனை மின்சாரம் வரும்போது அவருக்கு இரண்டு மணி நேரம் விடுகிறேன். அண்ணி மட்டும் இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.