அடிபிடிக்கும் சாம்பார் சாதமும் ஆள் குறைந்த சமையலறையும்

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் 80 பிள்ளைகள். சாம்பார் சாதம் செய்யும் நாளில் பருப்பு வேகாமல் நிற்கிறது, சாதம் அடிபிடிக்கிறது, தட்டில் மீதம் வைக்கிறார்கள். உதவியாளர் இடம் காலி. நான் ஒருத்தியே செய்கிறேன். இடுப்பும் விட்டுப்போகிறது. எங்கே தப்பு?
– சத்துணவு சமையலர், திருவாரூர் மாவட்டம்

பதில்: சமையலில் தப்பு, எதை எப்போது போடுகிறோம் என்பதில்தான், அம்மா. பருப்பு பாதி வேகும்போதே புளி விழுந்தால் அது பிறகு லேசில் குழையாது. பழைய பருப்பு, சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணீர் இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய் என்பது ஒன்றிய அரசின் அளவு. 80 பேருக்கு 8 கிலோ அரிசி, 1.6 கிலோ பருப்பு, 4 கிலோ காய். பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊற வையுங்கள். மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு வேக வைத்தால் பொங்கி வழியாது. விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில்தான் அரிசி போட வேண்டும். அரிசி, பருப்பு அளந்த அதே டப்பாவால், இரண்டும் சேர்ந்த அளவுக்கு மொத்தம் மூன்று பங்கு தண்ணீர். புளி, காய், சாம்பார்தூள் எல்லாம் வேறு பாத்திரத்தில் கொதிக்கட்டும். சாதம் குழைந்த பிறகு சேருங்கள். புளிக்கரைசலும் அரிசியும் ஒன்றாகக் கொதித்தால் அரிசி வேக நேரமாகும், அதற்குள் கஞ்சி கெட்டியாகி அடியில் உட்காரும், பிறகு தீ குறைத்தும் பயனில்லை. பரிமாறும் நேரத்துக்குள் சாதம் இறுகிவிடும், அதற்காக இரண்டு மூன்று லிட்டர் கொதிநீர் தனியாக இருக்கட்டும். கீரை கடைசி ஐந்து நிமிடத்தில். காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய பின் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

இப்போது உங்கள் இடுப்பு. மேலே சொன்ன கணக்கில் அரிசி, பருப்பு, தண்ணீர் மட்டுமே 45 கிலோவைத் தொடும். பாத்திரத்தின் எடை வேறு. அதை ஒரு பெண் தனியாக இறக்கக் கூடாது. இரண்டு பாத்திரமாகப் பிரித்துச் செய்யுங்கள். அடுப்பில் ஏற்றிய பிறகு குடத்தால் தண்ணீர் ஊற்றுங்கள். இறக்காமல், அடுப்பை அணைத்துவிட்டு அங்கிருந்தே வாளியில் மொண்டு பரிமாறுங்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். நைலான், பாலியஸ்டர் வேண்டாம், பருத்திதான் பாதுகாப்பு. சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், பற்பசையும் மையும் தடவாதீர்கள்.

இதையெல்லாம் தாண்டி, 80 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதே முறையில்லை. 25 பேர் வரை ஒருவர், 26 முதல் 100 வரை இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு பேருக்கும் இன்னொருவர் என்று ஒன்றிய வழிகாட்டுதல் சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் நகராது. இடம் எந்தத் தேதியிலிருந்து காலி, தினமும் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கி, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக இருக்கிறது என்று மகள் சாப்பிட மறுக்கிறாள். கெட்டதா?
– ஒரு தாய், சேலம்

பதில்: கெட்டதில்லை, அதிக நேரம் வெந்ததால் வரும் நிறம். தண்ணீர் கொதிக்கத் தொடங்கி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்து உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் வராது. வேக வைக்கும் முன் தண்ணீரில் மிதப்பதையும் விரிசல் விட்டதையும் ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: பள்ளியில் போடும் சாப்பாட்டை முதலில் யார் ருசி பார்க்க வேண்டும்?
– மேலாண்மைக் குழு உறுப்பினர், தேனி

பதில்: ஓர் ஆசிரியர் உட்பட பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், பிள்ளைகளுக்குப் போடும் முன்பு. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். பூச்சிமருந்து கலந்த எண்ணெய்தான் காரணம். எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமையல் செய்த பெண் முன்பே சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. எனவே சமையலர் ஒரு பொருளை வேண்டாம் என்றால் அன்று அது அடுப்பில் ஏறக் கூடாது. தலைமையாசிரியர் உட்பட யாரும் அதை மீற முடியாது என்று உங்கள் குழுவிலேயே எழுதி வையுங்கள். ருசி பார்த்தவர் பெயரும் நேரமும் தினமும் பதிவேட்டில் ஏறட்டும். மறுநாள் காலையில் மொத்தமாகப் போட்ட கையெழுத்தை ஏற்காதீர்கள்.